இரவல் போன புத்தகம்

2000 ஆம் ஆண்டு பளையை விட்டு இடம்பெயர்ந்தபோது அப்பாவின் புத்தக அலுமாரியைப் பூட்டி, திறப்பை மட்டும் கொண்டு போனோம். திரும்பி வந்தபோது வீடே இல்லை.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். அவற்றுட் சிலவற்றின் வேறு பிரதிகள் உலகில் எங்கோ, யாருடைய வீட்டிலோ இருக்கக்கூடும். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம் ஈழத்து நூல்களைத் தேடி மின்வடிவில் சேர்த்து வருகிறது. ஊர் நூலகங்களோ, முகநூலில் புதுவரவுப் பட்டியல் போடுவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. "இந்தப் புத்தகம் யாரிடம் உண்டு?" என்றல்லவா வாசகரைக் கேட்க வேண்டும்!

எங்கள் வாசகர் வட்டப் பக்கத்தில் ஒரு பழைய கோயில் மலரைக் குறித்து அப்படிக் கேட்டேன். மூன்றாம் நாள், அப்பாவிடம் படித்த ஒருவர் கனடாவிலிருந்து அதன் அட்டையைப் படம்பிடித்து அனுப்பினார். மூலையில் அப்பாவின் கையொப்பம். இரவல் வாங்கித் திருப்பிக் கொடாத பிரதியாம். இப்போது நூலகத்துக்காகப் பக்கம் பக்கமாக அனுப்புகிறார். அதை இரவல் கொடுத்ததற்கு அம்மா அன்று அப்பாவை ஏசிய ஏச்சு!