உப்பு விளையும் பாத்தி



ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. வெயிலில் நீர் மட்டுமே ஆவியாகும், உப்பு தங்கிவிடும். ஆனால் தூத்துக்குடி உப்பளங்களில் தண்ணீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி விடுகிறார்களே, ஏன்? முதலில் படிவது சுண்ணாம்பும் ஜிப்சமும்தான். அவற்றை விட்டு நகர்ந்த நீர், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகே சமையல் உப்பு பூக்கும். குனிந்து பார்த்தால் சின்னச் சின்னக் கனசதுரங்கள், அத்தனை ஒழுங்கு! மீதி நீரை முழுக்க வற்றவிடக் கூடாது. அதில் மெக்னீசிய உப்புகள் மிகுதி, கசக்கும். அதை வடித்துவிட்டுத்தான் உப்பை வாருவார்கள். கண்கூசும் அந்த வெளியில் உச்சிவெயிலுக்கு முன்பே வேலையை முடிக்க, விடியுமுன்னே இறங்குகிறார்கள் உப்பளத் தொழிலாளர்கள். அவர்கள் கூலி இன்னும் உயர வேண்டும். மழைக்காலத்தில் அந்த வேலையும் இருக்காது.