தலைவர் வெளியே போன பிறகு



ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர் கர்ட் லெவின் என்ற யூத உளவியல் அறிஞர். ஒரே மனிதரின் சொல்லுக்கு ஒரு நாடே அடங்கிப்போன கொடுமையை அறிந்தவர். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு, 1930-களின் கடைசியில், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் ஆகிய இளம் ஆய்வாளர்களோடு சேர்ந்து தலைமையைச் சோதித்துப் பார்த்தார்.

பத்து வயதுப் பையன்கள், குழுவுக்கு ஐந்து பேர். பள்ளி விட்டதும் கூடி முகமூடி செய்வார்கள், சோப்பில் உருவம் செதுக்குவார்கள். ஒரு தலைவர் அதிகாரம் செய்வார்: இப்போது செய்ய வேண்டியதை மட்டும் சொல்வார், அடுத்தது என்ன என்று மூச்சு விடமாட்டார். யார் யாரோடு சேர்ந்து வேலை செய்வது என்பதும் அவர் முடிவுதான். இன்னொருவர் முழுத் திட்டத்தையும் முதலிலேயே சொல்லி, பையன்களோடு கலந்து பேசுவார். மூன்றாமவர் எதிலும் தலையிடாமல் ஒதுங்கி நிற்பார். அதே ஆளே அடுத்த குழுவுக்குப் போனதும் பாணியை மாற்றிக்கொள்வார். தலைமை பிறவிக் குணம் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நடுவில் சில நிமிடம் தலைவர் வேண்டுமென்றே அறையை விட்டுப் போய்விடுவார். சோதனையின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பேன். அதிகாரத்துக்கு அடங்கி நடந்த குழுக்களில், தலைவர் இருக்கும்போது 74 சதவீத நேரம் வேலையில் கழிந்தது. அவர் போனதும் அது 29 ஆகச் சரிந்தது. கலந்து பேசிய குழுக்களில் 50 என்பது 46 ஆனது, அவ்வளவுதான். ஆள் நிற்கும்வரை அதட்டலுக்குப் பலன் அதிகம் என்பது உண்மை. அதை நம்பித்தான் பல முதலாளிகள் ஏமாறுகிறார்கள்.

சிறுவர்களுக்குச் சரி, ஆலைக்குப் பொருந்துமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வர்ஜீனியா மாநிலத்தின் மேரியன் ஊரில், ஹார்வுட் என்ற பைஜாமா தைக்கும் ஆலையில் லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் நடத்திய ஆய்வு 1948-இல் வெளியானது. வேலைமுறையை மாற்றியபோது, வெறும் அறிவிப்பு மட்டும் பெற்ற குழுவில் 17 சதவீதம் பேர் 40 நாளுக்குள் வேலையை விட்டார்கள். மாற்றத்தை வகுப்பதில் எல்லாரும் பங்கெடுத்த குழுக்களில் ஒருவர்கூட விலகவில்லை; உற்பத்தியும் பழைய அளவைத் தாண்டியது.

உங்களுக்குக் கீழே நாலு பேர் வேலை பார்த்தாலும் சரி, நானூறு பேர் பார்த்தாலும் சரி, அன்றைய வேலையை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். முழுத் திட்டத்தையும் அவர்கள் முன் வைத்து, யோசனை கேளுங்கள்.