தேக்கையும் கலைத்துவிட வேண்டும்



குன்னம் வட்டத்துக் கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் விளைவிக்கும் தங்களுக்குப் பயிர் கலைத்தலைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு குழியில் மூன்று பருத்திச் செடிகள் முளைத்தால், திடமான ஒன்றை நிறுத்தி மற்றவற்றைப் பிடுங்கத் தங்கள் கை தயங்குவதில்லை. தேக்கந்தோப்பில் மட்டும் அதே கை அரிவாளை எடுக்க மறுக்கிறது. நட்டு நீரூற்றி ஐந்தாண்டுகள் காத்த மரமாயிற்றே! அந்தப் பாசம் இயற்கையே; அதனால் நேரும் நட்டத்தைக் குறித்தே பேச விரும்புகிறோம்.

இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,000 கன்றுகள் கொள்ளும். நெருங்கி நின்றால் கன்றுகள் பக்கக் கிளை குறைந்து நேராக உயரும் என்பதற்காகவே அவ்வாறு நடுகிறோம். அத்தனையும் பெருமரமாகும் என்பதற்காக அன்று. தேக்கு வெளிச்சத்தை நாடும் மரம். வேர்ப் போட்டியையும் அது பொறுக்காது. நல்ல நிலத்தில் நான்கைந்து ஆண்டுகளில் தலைகள் ஒன்றோடொன்று கூடிவிடும். அதன் பின்னும் கலைக்காது விட்டால் மரம் கொம்புபோல் உயருமேயன்றிப் பருக்காது. வியாபாரியோ சுற்றளவைப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்.

ஆகவே முதன்முறை, மூலைவாட்டான வரிசைகளில் ஒன்று விட்டு ஒன்றை முழுமையாக வெட்டிவிட வேண்டும். 500 மரங்கள் எஞ்சும், இடைவெளி 2.8 மீட்டராகும். நல்ல மரமும் சில வெட்டுப்படுமே என்று வருந்த வேண்டாம். சில ஆண்டுகள் கழித்துத் தலைகள் மீண்டும் கூடும்போது, கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். கோணியவை, கவைத்தவை, நோயுற்றவை, நிழலில் அமுங்கியவை ஆகியவற்றுக்குச் சுண்ணாம்பு அடையாளமிட்டு, அவற்றையே வெட்டுக. 1840-களில் மலபாரின் நிலம்பூரில் கலெக்டர் கனோலியின் காலத்தில் சாத்து மேனன் முன்னின்று தேக்குத் தோட்டங்களை உருவாக்கினார். அவ்வழியில் வளர்ந்த நம் நாட்டுத் தேக்கு வளர்ப்பில் கலைத்தல் வழக்கமான பணியாகவே இருந்து வருகிறது.

அவசரப்பட்டு ஒரேயடியாக மிகுதியாக வெட்டுவதும் தவறு. திடீரென வெயில் பட்டால் அடிமரத்தில் பக்கத் துளிர்கள் கிளம்பும்; களையும் மண்டும். வெட்டிய அடிக்கட்டையும் துளிர்க்கும். அத்துளிர்களை நீக்காவிடின் கலைத்த பயன் குன்றும். கழித்த மரங்கள் பந்தற்காலுக்கும் கூரைக்கும் ஆகும்.

மழைநீர் தேங்கும் களிக் கரிசலில் தேக்கை நட்டவர்களுக்கு ஒரு சொல்: அங்கே கலைத்தல் மட்டும் போதாது. வடிகால் இல்லையெனில் தேக்கு தேறாது.

ஊராட்சிகள் பொது நிலத்தில் வளர்க்கும் தேக்குக்கும் இம்முறையே பொருந்தும். வெட்டுவதற்கு முன் வனத்துறை அலுவலரைக் கண்டு அனுமதி பற்றிக் கேட்டறிக. நிறுத்தும் மரங்களில் பத்தைக் குறித்து, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவை அளந்து, ஆண்டுதோறும் ஊராட்சிப் பதிவேட்டில் எழுதி வருக.