சாரமும் பைவைத்த சாரமும்



திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் ஒருவர் உடுத்தியிருக்கும் உடையைக் கண்டே அவர் செல்லும் காரியத்தை ஓரளவு சொல்லிவிடலாம். கோணேசர் கோயிலுக்குச் செல்பவர் வேட்டி உடுத்திருப்பார். துறைமுகத்தில் இயந்திரங்களின் அருகே வேலை செய்பவர் காற்சட்டை அணிந்திருப்பார். கரைவலை இழுப்பவரோ சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கிச் சண்டிக்கட்டாகக் கட்டியிருப்பார். இந்தச் சாரத்திற்கு இப்பொழுது ஒரு போட்டி தோன்றியிருக்கிறது. பைவைத்துத் தைத்த சாரங்களும், இடுப்பில் ஒட்டுப்பட்டி பொருத்திய வேட்டிகளும் கடைகளில் விற்பனையாகின்றன. இவை பழையனவற்றிலும் பயனுடையனவா என்பதே இன்றைய பேச்சு.

இதே வினா ஸ்கொத்லாந்திலும் உண்டு. அந்நாட்டு ஆடவர் அணியும் கில்ட் என்னும் மடிப்புடைக்கு ஏறத்தாழ எட்டு யார் கம்பளித் துணி வேண்டும். அதற்குப் பை கிடையாது. முன்புறம் ஒரு தோற்பையைத் தொங்கவிட்டுக் கொள்வர். முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றில் நனைந்து அது பெருஞ்சுமையாயிற்று. மடிப்புகளிற் பேனும் குடியேறியது. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் அது போர்க்கள உடையாக இருப்பது நிறுத்தப்பட்டது. பின்னர் 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், பருத்தித் துணியில், பெரிய பைகளும் அழுத்துப் பொத்தான்களும் வைத்த வேலைக்காரக் கில்ட் விற்பனைக்கு வந்தது. தச்சர் முதலானோர் சுத்தியலையும் ஆணியையும் அதிலேயே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த உபாயத்தை நமது சாரத்தின்மீது அப்படியே ஏற்றிவிட முடியாது. கில்ட் இடுப்பில் ஒரே நிலையில் நிற்கும். சாரமோ இரு முனையும் மூட்டிய குழாய். ஒவ்வொரு முறை உடுக்கும்போதும் மடிப்பு வேறிடத்தில் விழும். வலப்பக்கம் இருக்க வேண்டிய பை ஒருநாள் முன்னே வரும், மறுநாள் பின்னே போகும். சண்டிக்கட்டுக் கட்டினால் பை தலைகீழாகும். சில்லறை மணலில் விழும். மீனவரின் பழைய மடியும், பைவைத்த அகன்ற இடுப்புவாரும் இத்தொல்லை அற்றவை.

பைவைத்த சாரம் உடுக்க மட்டுமே உதவும். வெறுஞ்சாரமோ இரவிற் போர்வை, குளிக்கும்போது மறைப்பு, வெயிலிற் தலைப்பாகை, வேண்டுமானால் குழந்தைக்கு ஏணை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் முன்னர் பாதையில் ஏறி நீரைக் கடந்தவர்கள், நனையாமற் கரையேறச் சாரத்தை ஒரு நொடியில் உயர்த்திக் கட்டியது எமக்கு நன்கு தெரிந்த காட்சி. உப்புநீரில் நனைந்தாலும் மெல்லிய துணி விரைவில் உலரும். தடித்த பையின் மூலை மட்டும் நெடுநேரம் ஈரமாகவே கிடக்கும்.

ஒட்டுப்பட்டி வேட்டியைக் குறை சொல்ல மாட்டேன். கட்டத் தெரியாத இளைஞருக்கும், கை நடுங்கும் முதியோருக்கும் அது பேருதவி. அவ்வாறே, சுழலும் இயந்திரத்தின் அருகே எவ்வகைச் சாரமும் ஆகாது. தொங்கும் துணியைச் சுழலி பற்றினால் ஆளையும் இழுத்துவிடும். அங்கே காற்சட்டைதான் வேண்டும். இதில் மரபு பேசுவது அறிவீனம்.

இயந்திரம் இல்லாத இடத்திலும் சாரத்தைத் தடுப்பதுதான் எனக்கு விளங்காத செய்தி. மீனவரான தந்தை ஒருவர், மகளின் பத்திரம் ஒன்றைப் பெற ஓர் அலுவலகத்திற்குச் சாரத்துடன் போய், வாசலிலேயே திருப்பப்பட்டார். அயலாரிடம் காற்சட்டை இரவல் வாங்கி மறுநாள் போனார். ஒருநாட் கடற்றொழில் போயிற்று. தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டு, வேட்டி உடுத்த நீதிபதி ஒருவரைச் சென்னையிற் கழகம் ஒன்று உள்ளே விடாதபோது, பொது இடங்களில் வேட்டிக்குத் தடை விதிப்பதை நீக்க அவ்வாண்டே சட்டம் இயற்றினர். நீதிபதிக்கு நேர்ந்ததால் சட்டம் விரைந்து வந்தது.

அந்தத் தந்தையின் சாரத்திற் பை இருந்திருந்தாலும் வாசற்காவலர் அதைக் கவனித்திருக்க மாட்டார். எமது பாடசாலைக்கு அவர் இன்றும் சாரத்துடனேயே வருகிறார். மகளின் புள்ளிகளைப் பார்த்துக் கையொப்பமிட்டுவிட்டு, வலை இழுக்கும் நேரத்திற்குள் கரைக்குத் திரும்பிவிடுகிறார்.