கணக்கு எங்கே இருக்கு? கிளவுடிலா, கடையிலேயேவா?

(சிறு, குறு தொழில் செய்வோருக்கான விழிப்புணர்வுக் கூட்டத்தில் பிளம்பிங் பொருட்கள் மொத்த வியாபாரி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



என்னைப் பேசக் கூப்பிட்டப்போ தயக்கமா இருந்தது. நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்லை. பைப்பும் குழாயும் விற்கிற ஆள். ஆனா ஒரு தடவை கடை சர்வரை இழந்திருக்கேன். இன்னொரு தடவை கிளவுட் கணக்குக்குள்ள போக முடியாம வெளியே நின்னிருக்கேன். இரண்டு பக்கமும் அடி வாங்கியவன் என்ற தகுதியில் பேசுகிறேன்.

2015 டிசம்பர் வெள்ளம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் கடை வேளச்சேரியில், தரைத்தளத்தில். இடுப்பளவு தண்ணீர் உள்ளே வந்தது. சரக்கைப் பற்றி நான் பெரிசா கவலைப்படலை. பிவிசி பைப்பைத் தண்ணி என்ன செய்யும்? கழுவித் துடைச்சு வித்துட்டோம். ஆனா மேசைக்கு அடியில் இருந்த சர்வர் கம்ப்யூட்டர் மூழ்கிப்போச்சு.

‘பேக்கப் இல்லையா?’ என்று கேட்பீர்கள். இருந்தது. தினமும் ராத்திரி கடை மூடும்போது ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுப்போம். எடுத்து, அதே மேசையின் கீழ் டிராயரில் வைப்போம். இரண்டும் ஒன்றாகவே மூழ்கின.

போனது கம்ப்யூட்டர் மட்டும் இல்லைங்க. யார் யார் எவ்வளவு பாக்கி தரணும் என்ற கணக்கு போச்சு. நம்ம வியாபாரம் கடனில்தான் ஓடுது. ஒரு பிளம்பர் தம்பி துண்டுச் சீட்டோடு வந்து, “அண்ணாச்சி, நான் 18,400 ரூபாய் தரணும்”னு தானே சொன்னார். இன்னொருத்தர், “அதைத்தான் தீபாவளிக்கே கொடுத்துட்டேனே”ன்னார். என்கிட்ட பதில் இல்லை. வசூலாகாத பணத்தைவிட, பதில் இல்லாம நின்னதுதான் வலிச்சது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

உங்கள் செல்போனையே எடுத்துக்கோங்க. போட்டோக்கள் மெமரி கார்டில் மட்டும் இருந்தால் அது சொந்த சர்வர் மாதிரி. நம்ம கையில் இருக்கு, இன்டர்நெட் தேவையில்லை. ஆனா போன் தொலைஞ்சா அதுவும் போச்சு. கூகுள் போட்டோஸில் ஏற்றியிருந்தால் அது கிளவுட். வேறொரு நிறுவனத்தின் பெரிய கணினிக் கூடத்தில் இருக்கு. போன் உடைந்தாலும், புதுப் போனில் லாகின் செய்தால் வந்துவிடும். ஆனா லாகின் செய்ய முடியணும்.

கிளவுட் என்றால் வானத்தில் இருப்பது அல்ல. அதுவும் ஒரு கட்டடத்தில், மின்சாரத்தில் ஓடுகிற சர்வர்தான். அந்தக் கட்டடமும் எரியலாம். 2021 மார்ச்சில் பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்தது. வேறு இடத்தில் பேக்கப் வைக்காத வாடிக்கையாளர்கள் பலர் தங்கள் தரவை இழந்தார்கள். பெரிய கம்பெனியிடம் கொடுத்துவிட்டதாலேயே பத்திரம் என்று நினைக்க வேண்டாம்.

செலவுக் கணக்கு

வியாபாரிக்கு முதல் கேள்வி இதுதானே! ஒரு மாதிரிக் கணக்கு சொல்றேன். இதில் உள்ள விலைகள் உதாரணத்துக்கு மட்டும். நீங்கள் வாங்கிய கொட்டேஷனைப் போட்டுப் பாருங்கள்.

சர்வர் 1,20,000 ரூபாய். யுபிஎஸ், பேட்டரி 30,000. பராமரிப்பு ஆண்டுக்கு 15,000 என்றால் ஐந்து ஆண்டில் 75,000. மொத்தம் 2,25,000 ரூபாய். இதில் மின்சாரம் சேரவில்லை. 150 வாட் இழுக்கும் சர்வர் இரவு பகலா ஓடினால் ஒரு நாளைக்கு 3.6 யூனிட், மாதம் 108 யூனிட். ஏசி போட்டால் அது தனி.

கிளவுடில் ஒரு ஆளுக்கு மாதம் 700 ரூபாய் என்று வைப்போம். ஐந்து பேருக்கு ஐந்து ஆண்டில் 2,10,000. கிட்டத்தட்ட சமம். அதே விலையில் இருபது பேர் என்றால் 8,40,000 ரூபாய் ஆகிவிடும். ஆக, ஆள் குறைவான கடைக்குக் கிளவுட் கட்டுப்படியாகும். ஆள் கூடக் கூட, சொந்த சர்வரையும் யோசிக்கணும்.

கிளவுட் சந்தாவுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. வழக்கமான முறையில் ரிட்டர்ன் போடுபவர்கள் அதை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடைக்காது. இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தொழில் எது?

மளிகை மொத்தக் கடை, ஹார்டுவேர் கடை மாதிரி பில்லும் ஸ்டாக்கும் மட்டும் பார்ப்பவர்களுக்குத் தரவு ரொம்பச் சின்னது. இரண்டு கிளை இருந்தால், வீட்டிலிருந்து போனிலேயே கணக்கு பார்க்கணும் என்றால், கிளவுட் நல்லது. இன்டர்நெட் நின்றால் போன் ஹாட்ஸ்பாட் போட்டே பில் போட்டுடலாம்.

சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவருக்குக் கதை வேறு. காலண்டர் டிசைன் ஃபைல்கள் பெரியவை. 200 ஜிபி வேலை இருக்கு, அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கோங்க. முழுசா ஏற்ற ஏறத்தாழ 22 மணி நேரம் ஆகும். மெஷின் காத்திருக்குமா? டிசைனைக் கடைக்குள்ளேயே வைத்துவிட்டு, பில்லையும் முடிந்த வேலையின் ஒரு நகலையும் இரவில் கிளவுடுக்கு அனுப்பலாம். பாதி இங்கே, பாதி அங்கே என்று வைப்பதில் தப்பே இல்லை.

சொந்த சர்வர் வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேணும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்னாலேயே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அதைப் போடாத கம்ப்யூட்டர்கள்தான் பெரும்பாலும் மாட்டின. எப்போதும் செருகியே இருக்கும் பேக்கப் டிஸ்க்கையும் இந்த மாதிரி வைரஸ் பூட்டிவிடும். அதனால பேக்கப் எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றிடுங்க.

சாவி யார் கையில்?

இப்போ என்னோட இரண்டாவது அடி. வெள்ளத்துக்குப் பிறகு கிளவுடுக்கு மாறினேன். நிம்மதியா இருந்தேன். கணக்கைத் தொடங்கினது பில்லிங் பார்த்த தம்பி. அவர் இமெயில், அவர் செல் நம்பர். இரண்டு வருஷம் கழித்து அவர் வேலையை விட்டுப் போனார், நம்பரையும் மாற்றிட்டார். ஒரு மாதம் 9ஆம் தேதி கம்ப்யூட்டர் பழுதாகி, புதுசில் லாகின் செய்தால் ஓடிபி கேட்குது. ஓடிபி போகிற நம்பர் உபயோகத்திலேயே இல்லை. 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 போடணும்.

அந்தத் தம்பி மேல் தப்பில்லை. கம்பெனி மேலும் தப்பில்லை. யார் கேட்டாலும் கணக்கைத் திறந்துவிட்டால் அது என்ன பாதுகாப்பு? கடை என்னோடதுதான் என்று நிரூபித்து உள்ளே போக ஒன்பது நாள் ஆச்சு. ரிட்டர்ன் தாமதம், கட்டணம், வாடிக்கையாளர்களிடம் மன்னிப்பு.

அப்பதான் புரிஞ்சது. முதல் தடவை இரண்டாவது பிரதி இல்லை. இரண்டாவது தடவை இரண்டாவது சாவி இல்லை. கிளவுடா சர்வரா என்பது அடுத்த கேள்விதான். ‘நாளைக்குக் காலையில் இது போனால், எத்தனை மணி நேரத்தில் திரும்ப எடுப்பேன்?’ என்பதுதான் முதல் கேள்வி.

கையெழுத்துப் போடும் முன்

கிளவுட் விற்க வருபவரிடம் நாலு விஷயம் கேளுங்கள்.

ஒன்று, என் கணக்கு முழுவதையும் எக்செல் ஃபைலாக நானே இறக்கிக்கொள்ள முடியுமா?

இரண்டு, சந்தாவை நிறுத்தினால் எத்தனை நாள் வரை தரவு இருக்கும்? ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் போட வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்கணும். சந்தா நின்றாலும் அந்தப் பொறுப்பு நம்முடையதுதான்.

மூன்று, சர்வர் எந்த நாட்டில்? பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள், கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பைத் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் வைக்கணும் என்று விதி இருக்கு.

நாலு, வருஷத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம்? 99.9 சதவீதம் ஓடும் என்றால் வருஷத்துக்கு ஏறத்தாழ 9 மணி நேரம் நிற்கலாம் என்று அர்த்தம். 99 சதவீதம் என்றால் மூன்றரை நாளுக்கு மேல்! எழுத்தில் வித்தியாசம் சின்னது, கடையில் பெரிசு.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் 3-2-1 என்று ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவியில், ஒன்று வேறு இடத்தில். நான் இப்போ கணக்கைக் கிளவுடில் வைத்து, வாராவாரம் ஒரு பிரதியைக் கடைக் கம்ப்யூட்டரில் இறக்குகிறேன். இன்னொரு பிரதி ஹார்டு டிஸ்க்கில், மாடி வீட்டு பீரோவில். கணக்கு என் பெயரில், என் நம்பரில். இரண்டாவது அட்மின் என் மனைவி.

இன்னொன்று. ‘உங்கள் கிளவுட் கணக்கு முடங்கப் போகுது, ஓடிபி சொல்லுங்க’ என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ஏமாந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

இன்றைக்குக் கடைக்குப் போனதும் ஒரு வேலை செய்து பாருங்கள். உங்கள் பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வாடிக்கையாளரின் பாக்கியைத் தேடுங்கள். சரியான தொகை வந்தால் நிம்மதியாத் தூங்கலாம். வரவில்லை என்றால், அது இன்றைக்கே தெரிந்தது நல்லது. எனக்கு அது தண்ணீர் வடிந்த பிறகுதான் தெரிந்தது.