சுருங்கச் சொல்லும் கலை

சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே, திருவொற்றியூர்க் கடற்கரையில், பட்டினத்தார் அடங்கிய இடம் இருக்கின்றது. காவிரிப்பூம்பட்டினத்திலே பெருவணிகராக வாழ்ந்தவர் அவர். அவருடைய வளர்ப்பு மகன் ஒரு பேழையை விட்டுவிட்டு மறைந்தான். பேழையைத் திறந்தால், உள்ளே காது முறிந்த ஓர் ஊசியும் ஓர் ஓலை நறுக்கும் இருந்தன. இறுதிப் பயணத்தில் இந்த ஊசியும் உடன் வராது என்னும் பொருள்பட, ஓலையிலே ஒரே ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்ததும் மாடமாளிகையைத் துறந்து வெளியேறினார் என்பது வழிவழியாக வழங்கும் வரலாறு.

இந்த வரலாற்றைக் கேட்போர் துறவின் பெருமையை வியப்பர். நாம் இன்று அந்த ஓலையைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். ஒரு வரி ஒரு மனிதரின் வாழ்க்கையை மாற்றியது என்றால், அந்த வரியில் எது இருந்தது, எது இல்லை?

இன்று நாம் அனைவரும் ஓலை எழுதுகின்றோம். உலகின் முதற் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3-ஆம் நாள் அனுப்பப்பட்டது. அந்த முறையில் ஒரு செய்தி ஆங்கிலத்தில் 160 எழுத்துகளைக் கொள்ளும். தமிழிலோ 70 குறியீடுகளைத்தான் கொள்ளும். ‘கொ’ என்று ஓரெழுத்து எழுதினாலும் கணிப்பொறி அதனை இரண்டு குறியீடுகளாக எண்ணும். 2006-இல் தோன்றிய ட்விட்டர் 140 எழுத்து என்று எல்லை வகுத்தது; 2017-இல் அதனை 280 ஆக்கியது. ஒரு குறட்பா அதனுள் தாராளமாக அடங்கும். ஆனால் அந்த அளவுக்குள் எழுதப்படுவன எல்லாம் குறட்பா ஆகிவிடுவதில்லை.

முன்பு தந்தி அனுப்பியவர் சொல்லுக்குச் சொல் காசு கொடுத்தார். ஆதலால் ஒவ்வொரு சொல்லையும் எண்ணிப் பார்த்தார். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலை மாதத்தோடு முடிவுற்றது. இப்போது சொல்லுக்கு விலை இல்லை. எண்ணிப் பார்க்கும் பழக்கமும் குறைந்துவிட்டது.

சமூக ஊடகங்களில் சிறிதாகவும் சிறப்பாகவும் எழுதுவதற்கு வழிகாட்டும் நூல் ஏதேனும் உண்டா என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. உண்டு. அது பதின்மூன்றாம் நூற்றாண்டிலே, சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டிக்கொள்ள, பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல். இலக்கணம் என்றதும் அஞ்ச வேண்டா. எழுத்திலும் சொல்லிலும் புகுமுன், அதன் முகப்பிலுள்ள பாயிரத்தை மட்டும் படித்தாலே போதும். நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்றும், நூலுக்கு அமைய வேண்டிய அழகுகள் பத்து என்றும் அங்கே வகுத்துச் சொல்கிறார்.

அவற்றின் வரிசையை உற்று நோக்குங்கள். அழகுகளில் முதலாவது சுருங்கச் சொல்லல். குற்றங்களில் முதலாவது எது தெரியுமா? மிகுத்துச் சொல்வது அன்று, அது இரண்டாவதுதான். குன்றக் கூறல் என்பதையே அவர் முதற் குற்றமாக வைத்தார். சுருங்கச் சொல்வது வேறு, குறைத்துச் சொல்வது வேறு. வேண்டாததை விலக்குவது சுருக்கம். வேண்டியதையே விட்டுவிடுவது குறை. இந்த வேறுபாட்டை அறிவதுதான் குறுஞ்செய்தி எழுதும் கலையின் முதற்பாடம். அழகுகளில் இரண்டாவது விளங்க வைத்தல். விளங்காத சுருக்கம் அழகாகாது என்பதற்காகவே அதனை அடுத்து வைத்தார் போலும்.

இந்தப் பாடத்தை வடசென்னைக் கடற்கரை மக்கள் கண்ணாரக் கண்டவர்கள். கடலிலே புயல் உருவாகும் காலத்தில் சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூர்த் துறைமுகத்திலும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். அதற்கு ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள் உண்டு. ஒன்றாம் எண் என்றால், தொலைவிலே புயல் உருவாகக்கூடும் என்று பொருள். பத்தாம் எண் என்றால், கடும்புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடந்து செல்லும் என்று பொருள். பதினோராம் எண்ணோ, வானிலை மையத்தோடு செய்தித் தொடர்பே அற்றுவிட்டது என்று அறிவிக்கும். செய்தி இல்லை என்பதும் ஒரு செய்தி. அதற்கும் ஓர் எண் வைத்தார்கள். உயரத்தில் ஏற்றிய ஓர் அடையாளம் இவ்வளவையும் சொல்லிவிடுகின்றது. அதனைப் பார்ப்போருக்கு அதன் பொருள் முன்பே தெரிந்திருப்பதால்தான் இவ்வளவு சுருக்கம் அங்கே செல்லுகின்றது.

பொருள் முன்பே தெரியாதவர்களுக்கு எழுதும்போது இவ்வாறு செய்ய இயலாது. 2023 டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூரிலே பெரியகுப்பத்துக்கு அருகே, கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அமோனியா வாயு கசிந்தது. கண்ணும் மூக்கும் எரிய, மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து வீடுகளைவிட்டு வெளியேறினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அத்தகைய இரவிலே ஒருவர் தம் தெருவாருக்குக் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். “ஆபத்து! எல்லோரும் ஓடுங்கள்! அனைவருக்கும் அனுப்புங்கள்!” என்று எழுதினால் அது சிறியதுதான். ஆனால் எங்கே ஆபத்து? எந்தப் பக்கம் ஓடுவது? கேட்பவர் கசிவை நோக்கியே ஓடிவிடவும் கூடும். இதுவே குன்றக் கூறல்.

“இரவு 12 மணி. பெரியகுப்பம் கடற்கரையில் அமோனியா கசிகிறது. ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். காற்றுவாக்கில் ஓடாமல் அதற்குக் குறுக்கே விலகிச் செல்லுங்கள்.” இது சற்று நீளம். ஆயினும் காலம், இடம், பொருள், செய்ய வேண்டுவது ஆகிய நான்கும் இதில் உள்ளன. ஒரு சொல்லை நீக்கினாலும் ஓர் உயிருக்கு இடர் நேரலாம். ஆதலால் இதுவே சுருக்கமான செய்தி.

குறைத்துச் சொல்வதனால் விளையும் தீமை இத்தோடு நிற்பதில்லை. 2018-ஆம் ஆண்டில், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்னும் வதந்தி வாட்ஸ்அப் வழியே ஊர் ஊராகப் பரவியது. யார் பார்த்தார், எங்கே, என்று என்னும் விவரம் இல்லாத வதந்தி அது. அவ்வாண்டு மே மாதத்தில், எண்ணூருக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டில், ஐயத்துக்கு ஆளான ஒரு மனிதரைக் கூட்டம் அடித்துக் கொன்றது. திருவண்ணாமலை மாவட்டத்திலும் ஒரு மூதாட்டி அவ்வாறே மாண்டார். ஜூலை மாதத்தில் அந்த நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாதவாறு வரம்பு கட்டியது. கருவிக்கு வரம்பு கட்டலாம்; எழுதும் கைக்கு யார் வரம்பு கட்டுவது? கற்றவரும் மற்றவரும் தாமே கட்டிக்கொள்ள வேண்டும்.

ஆகவே, குறுஞ்செய்தி எழுதுவோர்க்கு ஒரு வழக்கத்தைப் பரிந்துரைக்கிறேன். முதலில் சொல்ல வேண்டுவதை முழுமையாக எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பாருங்கள். எடுத்தபின் பொருள் கெடவில்லையென்றால், அது மிகை, போகட்டும். எடுத்ததும் பொருள் தடுமாறினால், அது வேண்டுவது, இருக்கட்டும். கடைசியாக, உங்களை அறியாத ஒருவர், நீங்கள் அருகில் இல்லாத ஓர் இடத்தில், அதனைத் தனியே படிப்பதாக எண்ணிப் பாருங்கள். அவருக்கு விளங்குமானால் அனுப்புங்கள். விளங்காதெனில் இன்னும் ஒரு சொல் சேருங்கள்.

நன்னூல் இன்றும் புத்தகக் கடைகளில் கிடைக்கின்றது. ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையோடு படித்தால் எளிதில் விளங்கும். மாணவர் தேர்வுக்காக மட்டும் படித்து மறந்துவிடும் அந்தப் பாயிரம், கையிலே கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உரிய நூலாகும். அதன் குற்றம் பத்தையும் அழகு பத்தையும் ஒரு தாளில் எழுதி மேசைமேல் வையுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றாகப் பயின்றால், இருபது நாளில் பாடம் முடிந்துவிடும். அதன்பின் நீங்கள் அனுப்பும் சிறு வரியை நம்பி ஒருவர் வழி நடக்கலாம்.