மூச்சுத் திணறலும் புது மருந்தும்



பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், ஊரிலிருந்து வந்து பிள்ளையோடு தங்கும் முதியவர்கள் பலர் உண்டு. குளிர்காலத்து நள்ளிரவில் அப்படியொருவருக்கு மூச்சு முட்டத் தொடங்கினால் வீடே கலங்கிவிடுகிறது. படுத்தால் திணறல் மிகுகிறது. எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தால் சற்றுத் தணிகிறது. சில நாட்களாகவே கால் வீங்கியிருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. சளி கட்டியிருக்கிறது என்று எண்ணி மிளகுக் கஷாயம் வைப்பவர்களும் உளர். பல வேளைகளில் அது சளியன்று. இருதயம் தளர்ந்து, தன்னிடம் வரும் இரத்தத்தை முழுவதும் வெளியே தள்ள இயலாமற் போக, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதன் விளைவு அது. கஷாயத்திற்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டிய நோய்.

இந்நோயில் மருத்துவரைத் திகைக்கவைப்பது இருதயம் மட்டுமன்று, சிறுநீரகமும்தான். தேங்கிய நீரை வெளியேற்ற வேண்டிய உறுப்பு அது. இருதயம் தளரும்போது அதற்கு வரும் இரத்தம் குறைகிறது; சிரைகளில் அழுத்தமும் ஏறுகிறது. ஆகவே நீர் இறங்க மறுக்கிறது. நீரைப் பிரிக்கும் மருந்தை ஊசி வழியே கூட்டிக் கொடுத்தால் மூச்சு இலேசாகிறது. ஆனால் சிலரிடம் சிறுநீரகம் மேலும் சோர்ந்துவிடுகிறது. குறைத்தாலோ நுரையீரல் வறளுவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையே வழி தேடித்தான் புதுப்புது மருந்துகளைச் சோதித்து வருகிறார்கள்.

அரசாங்கக் கோப்புகளைத் தமிழாக்குவது நமது தொழில். இலக்கியம் பயின்று பட்டம் பெற்றோமே தவிர, மருத்துவம் நாம் கற்றதன்று. ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் டில்லியில் ஒரு ஜனவரி இரவு, பக்கத்துக் குடியிருப்பு நண்பர் நம்மை ஆஸ்பத்திரிக்கு அழைத்தார். தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்திருந்த அவருடைய தந்தையார் மேலே சொன்ன நிலையில் அங்கே கிடந்தார். சிறுநீரகமும் பழுதுபட்டிருந்தது. ஒரு புது மருந்துச் சோதனையில் சேர அவருக்கு விருப்பமா என்று இளம் டாக்டர் ஒருவர் கேட்டு, பல பக்கத் தாள் ஒன்றை நீட்டினார். இந்தியிலும் ஆங்கிலத்திலும் அது இருந்தது, தமிழில் இல்லை. நோயாளி வந்த சில மணி நேரத்திற்குள் மருந்து ஏற்றத் தொடங்கவேண்டும் என்பது ஏற்பாடு. மகனுக்கோ கை நடுங்கியது. "நீங்கள் படித்துச் சொல்லுங்கள்" என்றார்.

படித்தோம். நாற்காலியை இழுத்துப் போட்டு, வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தோம். பெரியவர் பிராணவாயுக் குழாயோடு உட்கார்ந்தபடி செவிமடுத்தார்.

"எனக்கு எந்த மருந்து என்று யார் முடிவு செய்வது, தம்பி?" என்றார்.

"யாரும் முடிவு செய்வதில்லை, ஐயா. குலுக்கல்தான்."

உத்திரமேரூரில் குடத்திலிட்ட ஓலையைச் சிறுவன் எடுத்ததுபோல என்று கூறியதும் அவர் முகம் தெளிந்தது. சோழ நாட்டுக்காரர் அல்லவா! சிலருக்குப் புது மருந்து, சிலருக்கு மருந்துப் பொருள் இல்லாத நீர். எது யாருக்கு என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. வழக்கமான சிகிச்சை மட்டும் இரு சாராருக்கும் குறைவின்றி நடக்கும் என்றோம். சற்று நேரம் மூச்சு வாங்கிவிட்டு அவர் கேட்டதுதான் நம்மைச் சிந்திக்க வைத்தது.

"குணமாகும் என்று தெரிந்தால் சோதனை எதற்கு? தெரியாது என்றால் எனக்கு ஏன் ஏற்றவேண்டும்?"

அன்றிரவு நாம் சொன்ன விடை அரைகுறையானது. பின்னர் தேடிப் படித்தபோது, அவருடைய கேள்விக்கு ஒரு மருந்தின் வரலாறே விடையாக இருக்கக் கண்டோம். பெரியவருக்குத் தர முன்வந்த மருந்து அதுவன்று, அதற்கும் முந்தியது.

கருவுற்ற பெண்ணின் உடலில் ரிலாக்ஸின் என்னும் சுரப்பு நீர் ஊறுகிறது. 1926ஆம் ஆண்டில் ஃபிரெடெரிக் ஹிசா என்ற அமெரிக்க விஞ்ஞானி, கினிப் பன்றிகளின் இடுப்பெலும்புப் பிணைப்பைத் தளர்த்தும் பொருளாக இதனைக் கண்டறிந்தார். பிற்காலத்தில் இதன் வேறு வேலைகளும் புலனாயின. கருவுற்ற காலத்தில் தாயின் இருதயம் மிகுதியான இரத்தத்தைச் சுற்றவைக்கிறது. சிறுநீரகம் வடிகட்டும் அளவும் ஏறத்தாழப் பாதியளவு கூடுகிறது. இரத்தக் குழாய்களைத் தளர்த்தி இதற்குத் துணைபுரிவனவற்றுள் ரிலாக்ஸினும் ஒன்று. இருதயம் தளர்ந்து சிறுநீரகமும் சோர்ந்தவருக்கு வேண்டியதும் இதுதானே என்று எண்ணினார்கள். எண்ணம் அழகானது. அதே பொருளைச் செயற்கையாக உண்டாக்கி செரிலாக்ஸின் என்று பெயரிட்டார்கள்.

2013ஆம் ஆண்டில் வெளிவந்த சோதனையில் 1161 நோயாளிகள் பங்குகொண்டனர். அனைவரும் திடீர் இருதயத் தளர்ச்சியோடு வந்தவர்கள். அனைவருக்கும் சிறுநீரகச் செயல் ஓரளவு குன்றியிருந்தது. வந்த 16 மணி நேரத்திற்குள் தொடங்கி, 48 மணி நேரம் சொட்டுச் சொட்டாக மருந்தை ஏற்றினார்கள். மூச்சின் நிலையை அளந்த முறை நமக்கு மிகவும் பிடித்தது. 100 மில்லி மீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டைக் காட்டி, உமது மூச்சு இப்போது எங்கே இருக்கிறது என்று நோயாளியையே புள்ளி வைக்கச் செய்தார்கள். நோயின் துன்பத்தை நோயாளி அன்றி வேறு யார் அளக்க முடியும்? இந்த அளவுகோல் புது மருந்துக்குச் சாதகமாகப் பேசியது. முதல் நாளில் நன்றாகத் தேறியவர் எத்தனை பேர் என்று எண்ணிய மற்றோர் அளவுகோல் அவ்வாறு பேசவில்லை. இரத்தத்தில் கிரியாட்டினின் முதலிய குறிகள் புது மருந்து பெற்றவர்களிடம் சற்று நன்றாகவே இருந்தன. (கிரியாட்டினினுக்கு நல்ல தமிழ்ச் சொல் நமக்கு இன்னும் கிட்டவில்லை, நேயர்கள் பொறுத்தருள்க.)

எல்லோரையும் வியக்கவைத்தது வேறொன்று. 180 நாள் கழித்துக் கணக்கெடுத்தபோது வெறும் நீர் பெற்ற 580 பேரில் 65 பேரும், புது மருந்து பெற்ற 581 பேரில் 42 பேரும் இறந்திருந்தனர். இரண்டு நாள் ஏற்றிய மருந்து ஆறு மாதத்து ஆயுளைக் காத்ததா! பத்திரிகைகள் புகழ்ந்தன. ஆனால் அந்தச் சோதனை, உயிர் காக்குமா என்ற கேள்வியை முதன்மையாக வைத்துத் திட்டமிடப்பட்டதன்று. 42, 65 என்ற எண்களின் வேறுபாடு மருந்தினால் வந்ததா, குலுக்கலின் போக்கில் நேர்ந்ததா என்று உறுதியாகச் சொல்ல அந்தச் சிறு தொகை போதாது. 2014ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்து ஆணையமும் ஐரோப்பிய ஆணையமும் அனுமதி தர மறுத்தன. நோயாளிகள் சாகக் கிடக்கையில் இப்படித் தயங்குவது கல்நெஞ்சம் அல்லவா என்று அந்நாளில் நாமும் சொல்லியிருப்போம்.

மருந்தை ஆக்கியவர்கள் மீண்டும் கேட்டார்கள். இம்முறை உயிரைப் பற்றிய கேள்வியையே முன்னிறுத்திக் கேட்டார்கள். 6545 நோயாளிகள் சேர்ந்தனர். அதே நோய், அதே 48 மணி நேரம். 2019ஆம் ஆண்டில் முடிவு அச்சாயிற்று. இருதய, இரத்தக் குழாய் நோயால் 180 நாளுக்குள் மாண்டவர்கள், புது மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 8.7, வெறும் நீர் பெற்றவர்களில் 8.9. வேறுபாடு இல்லையென்றே சொல்லவேண்டும். முதற் சோதனையில் தோன்றிய உயிர்காப்பு, தொகை பெருகியதும் கரைந்துபோயிற்று.

இந்தத் துறையில் இது தனிக் கதையன்று. சிறுநீரகத்தைக் காக்கவென்றே வந்த ரோலோஃபில்லின் என்ற மருந்தும் 2033 பேரிடம் சோதிக்கப்பட்டு 2010ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. டோபமின் மருந்தைச் சிறு அளவில் ஏற்றினால் சிறுநீரகம் தெளியும் என்று பல ஆண்டுகள் ஆஸ்பத்திரிகளில் வழக்கமே இருந்தது. 2013ஆம் ஆண்டில் 360 பேரைக் கொண்டு சோதித்தபோது அதனாலும் பயன் காணவில்லை. எவரும் சோதிக்காமல் விட்டிருந்தால், நம் பெரியவருக்கும் அந்தச் சொட்டு ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் விதிகள், நோயாளிக்கு விளங்கும் மொழியில் விவரத்தைத் தந்து சம்மதம் பெறவேண்டும் என்கின்றன. சோதனையால் கேடு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. மறுத்துவிட்டாலோ, பாதியில் விலகினாலோ வழக்கமான சிகிச்சையை எவரும் நிறுத்தக்கூடாது. மகன், மகள் உள்ள இடத்தில் அவர்களே கையொப்பமிட்டு முடித்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. முதியவர் நினைவோடிருக்கையில் கேள்வி அவருடையது, விடையும் அவருடையதே.

அந்த இரவில் பெரியவர் நெடுநேரம் யோசித்து, "சேர்ந்துகொள்கிறேன்" என்றார். "எனக்கு ஆகாவிட்டாலும் அடுத்தவனுக்குத் தெரியுமே." நாம் டாக்டரிடம் சொன்னோம். அவர் தம் மேலவரைக் கேட்டு வந்து, வருத்தத்தோடு தலையசைத்தார். அங்கிருந்த நெறிக் குழு ஒப்புக்கொண்ட தமிழ்த் தாள் இல்லை. நாம் வாயால் சொன்னதை அதற்கு ஈடாகக் கொள்ள இயலாது. அவர் சொன்னது சரியே. ஆயினும் தமிழரும் வந்து சேரும் தலைநகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ்த் தாள் முன்னரே இருந்திருக்கலாம் என்று நமக்குச் சினம் வந்தது உண்மை. வழக்கமான மருந்துகளே நடந்தன. பத்து நாளில் அவர் வீடு திரும்பினார். சேர்ந்திருந்தால் நன்மையா, தீமையா? அன்று அந்த ஆஸ்பத்திரியில் எவருக்கும் தெரியாது.

சில வாரம் கழித்து அந்தத் தாளைத் தமிழாக்கும் வேலை நம்மிடமே வந்தது. வெறும் நீருக்கு என்ன பெயரிடுவது என்பதில் இரண்டு மாலைகள் கழிந்தன. போலி மருந்து என்றால் ஏமாற்று என்று ஒலிக்கிறது. வெற்று மருந்து என்றால் சிகிச்சையே இல்லையென்று நோயாளி அஞ்சக்கூடும். முடிவில், "மருந்துப் பொருள் கலவாத, பார்வைக்கு அதே போன்ற நீர், இதனோடு உமது வழக்கமான சிகிச்சையும் தொடரும்" என்று விரித்தே எழுதினோம். நீளம் மிகுந்துவிட்டது என்று அச்சகத்தார் குறைப்பட்டார்கள். ஒரு சொல்லும் குறைக்க நாம் இசையவில்லை.